மருமகள் வீட்டுக்குப் பதினாறு மணி நேரம்

டிப்போவில் அவளுக்கு ரைட்டக்கா என்று பெயர். பேருந்து நடத்துநராக இருந்த காலத்தில் அவள் 'ரைட்' என்று குரல் கொடுத்தால், பின்படியில் தொங்குகிறவன் முதல் முன்சீட்டில் கொட்டாவி விடுகிறவர் வரை எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். விசிலைப் பாதி நாள் வீட்டிலேயே மறந்துவிட்டு வருவாள். அதனால் எந்த வண்டியும் நின்றுவிடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த வார்த்தை மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் ஒரு வாக்குவாதம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றினால் 'ரைட்' என்பாள். அதற்குமேல் அதைப் பற்றி யார் பேசினாலும், போன வண்டிக்குக் கை காட்டுகிற மாதிரிதான்.

வேலைக்காலம் முழுவதும் அவள் நின்றவள். நடத்துநருக்கென்று வண்டியில் ஓர் இருக்கை உண்டு. அதில் தன் சாப்பாட்டுப் பையைத்தான் உட்கார வைப்பாள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடுப்பை ஒரு சீட்டுக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கைக்கும் வேலை இருக்க, வாயால் ஒருவனைத் திட்டிக்கொண்டே இன்னொருவருக்கு டிக்கெட் கிழிப்பாள். அவளோடு நெடுநாள் வண்டி ஓட்டியவர் ஒருவர் இருந்தார். பிரேக்கை மிதிக்கிற மிதியில் பயணிகள் மூக்கு உடையும் என்பதால் அவருக்குப் பிரேக்கண்ணன் என்று பெயர். வழியனுப்பு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "இந்தம்மா நின்னுக்கிட்டே உலகத்தை இருபது தடவை சுத்தின தூரம் போயாச்சு. ஆனா ஊரெல்லையைத் தாண்டல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரைட்டக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நின்ற கால் சும்மா இருக்குமா? இடது கெண்டைக்கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டு கிடந்தன. ஓய்வு பெற்ற மறுவருஷம் அந்தக் காலிலேயே இரத்தம் உறைந்து கட்டியாகி, மருத்துவமனையில் கிடந்து எழுந்து வந்தாள். "ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்கம்மா," என்று டாக்டர் சொல்லியனுப்பினார். உட்காருவது எப்போதுமே அவளுக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் அந்தப் பத்தியத்தை எளிதாகக் காப்பாற்றி வந்தாள்.

அவளுக்கு ஒரே மகன். டயர் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வீடு. ரப்பர் வாடை படியேறி வந்து சமையலறை வரைக்கும் விருந்தாடும். கெட்டவன் இல்லை, குடிகாரன் இல்லை. ஆனால் தான் சொன்னது நடக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு முகத்தை 'உர்'ரென்று வைத்துக்கொள்கிற சுபாவம். அவன் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, போகக் கூடாது என்றான். போவேன் என்றாள். இருவருக்கும் நடுவில் பேச்சு தடித்து, வக்கீல் வீட்டுக்குப் போய், கடைசியில் தீர்ப்பில் முடிந்தது. பெண் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்கள். அவள் குழந்தையோடு விமானம் ஏறினாள்.

அன்றைக்கு மருமகளின் பெட்டியை இரண்டு மாடி இறக்கிக் கொடுத்தது ரைட்டக்காதான். மகன் கடைக்குள் டயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரைட்டக்காவின் போன் அடிக்கும். "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். சொந்தக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ரைட்டக்காவின் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கே வந்து கேட்டார். "அறுத்துக்கிட்டுப் போனவகிட்ட உனக்கென்ன பேச்சு?"

"கோர்ட்டுல புருஷனையும் பொண்டாட்டியையும்தான் பிரிச்சாங்க அண்ணா. அத்தையையும் மருமகளையும் பிரிக்கச் சொல்லி யாரும் மனுப் போடலையே," என்றாள்.

அண்ணன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை உணர்ந்து காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளின் குரல் சரியாக இல்லை. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுச் சீட்டு எடுக்காமல் பயணம் செய்தவர்களை ரைட்டக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். விடாமல் குடைந்தாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. கர்ப்பப்பையில் கட்டிகள். எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அறுவை. அதன்பின் ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

"பாப்பாவை யார் பார்த்துக்குவா?"

"பக்கத்து வீட்டுல ஒரு நாலு நாள் விடலாம்னு இருக்கேன். அப்புறம் நானே மெதுவா பார்த்துக்குவேன் அத்தை."

"உன் அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்துடு, இங்கே பண்ணிக்கலாம்கிறார். நான் வர மாட்டேன் அத்தை. வந்தா அவ்வளவுதான், திரும்ப விட மாட்டாங்க."

மருமகளுக்குத் தாய் இல்லை. அவள் உதவி கேட்கவும் இல்லை. அந்தக் கேட்காததுதான் ரைட்டக்காவைக் குத்தியது.

"விசாவுக்கு ஏதோ அழைப்புக் கடிதம் வேணுமாமே, அதை அனுப்பு," என்றாள்.

"அத்தை! உங்க காலை வச்சுக்கிட்டு..."

"காலை விட்டுட்டு வர முடியாது, கூடத்தான் கூட்டிட்டு வருவேன். ரைட்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மகனிடம் சொன்னாள். அவன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டான்.

"உனக்கு அவ யாரும்மா?"

"உன் பொண்ணு எனக்கு யாரு? அதைச் சொல்லு முதல்ல."

"பாப்பா வேற. பாப்பாவை இங்கே அனுப்பச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்."

"எட்டு வயசுப் பிள்ளை, அம்மாவுக்கு ஆபரேஷன்னு பயந்து கிடக்கும். அதைத் தனியா பிளேன் ஏத்தி இங்கே அனுப்பணுமா? நீ டயரை லாரியில ஏத்தற மாதிரி?"

அவன் வேறு பக்கமாக வந்தான். "எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு? பதினாறு மணி நேரம்மா. பதினாறு மணி நேரம் உட்கார்ந்தா உன் கால் என்னாகும்? நடு வானத்துல கட்டி நெஞ்சுக்கு ஏறினா யாரு இறக்கி விடுவா?"

இது நியாயமான கேள்விதான். அவன் அதைப் பயத்திலும் கேட்டான், கோபத்திலும் கேட்டான். எது எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ரைட்டக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் அதை வெளியே காட்டவில்லை.

"நீ அங்கே போனா, திரும்பி வரும்போது கூட்டிட்டு வர நான் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன்," என்றான் மகன்.

"பஸ் இருக்கு," என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. அண்ணன், அண்ணி, மறைந்த கணவர் வழிச் சித்தப்பா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்றார்கள். பெற்ற பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறாய் என்றார்கள். எல்லாப் பேச்சும் கடைசியில் தூரத்தில் வந்து நின்றது. அவ்வளவு தூரம், அந்த வயசில், அந்தக் காலோடு. கேட்டுக் கேட்டு ரைட்டக்காவுக்கு ஒன்று புரிந்தது. மருமகள் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும் இவர்கள் போகக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். தூரம் அவர்களுக்கு வாகாக வாய்த்துவிட்டது.

டாக்டரிடம் அவளே தனியாகப் போனாள். அவர் முதலில் தலையை ஆட்டினார். பிறகு கால் இரண்டையும் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பழைய கட்டி கரைந்த இடத்தைப் பார்த்தார்.

"போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றதை ஒழுங்கா கேட்பீங்களா?"

"சொல்லுங்க."

"இறுக்கமான சாக்ஸ் தர்றேன், ஏறும்போது போட்டா இறங்கித்தான் கழட்டணும். புறப்படறதுக்கு முன்னாடி ஒரு ஊசி. தண்ணி நிறையக் குடிக்கணும். முக்கியமா, உட்கார்ந்தே இருக்கக் கூடாது. அப்பப்ப எழுந்து நடக்கணும். ஓரச் சீட்டா பார்த்து வாங்குங்க."

"நடக்கத்தான் சொல்றீங்க? அதுக்கு ஏன் டாக்டர் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? என் வேலையே அதுதானே."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு கடிதம் எழுதி, விமானத்தில் கேட்டால் காட்டச் சொல்லிக் கொடுத்தார்.

பயணச்சீட்டு வாங்கப் போன அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்குக் கீழே இருந்தது. மேலேயிருந்து துளைபோடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினித் திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் ஒரு கோடு. அது நேராக இல்லாமல் வில் மாதிரி வளைந்து, வடக்கே பனிப்பிரதேசத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"இது ஏன் சுத்திப் போகுது? வழியில ஆள் ஏத்தணுமா?" என்றாள் ரைட்டக்கா.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "இல்லம்மா, பூமி உருண்டையா இருக்குல்ல? படத்துல தட்டையா விரிச்சுப் போட்டதால வளைஞ்ச மாதிரி தெரியுது. உண்மையில இதுதான் குறுக்கு வழி. பதினாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நேரா போறது ஒண்ணு இருக்கு, பதினாறு மணி நேரம். வர்றப்ப எதிர்க்காத்து, இன்னும் கொஞ்சம் கூட ஆகும்."

"நடுவுல இறங்கி ஏறுற மாதிரி இல்லையா?"

"இருக்கு. ஒன்பது மணி நேரம் பறந்து ஒரு இடத்துல இறங்கணும். அங்கே ஆறு மணி நேரம் காத்திருக்கணும். அப்புறம் இன்னொரு எட்டு மணி நேரம். ஆனா மொத்தமா பார்த்தா ரொம்ப நேரம் ஆயிடும்மா. எல்லாரும் நேரா போறதைத்தான் கேட்பாங்க."

"எல்லாருக்கும் என் கால் இல்லையே. இறங்கி ஏறுறதைப் போடு."

"காத்திருக்கறது போரடிக்கும்மா."

"காத்திருக்க மாட்டேன். நடப்பேன்."

அந்தப் பெண் சீட்டை அச்சடித்துக்கொண்டே, காலையில் புறப்பட்டால் அங்கேயும் அதே தேதி இரவுதான் இருக்கும் என்று சொன்னாள். ஒரு முழு நாள் பயணம் செய்துவிட்டு அன்றைக்கே போய்ச் சேருவதா? ரைட்டக்காவுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. "அப்போ கொஞ்ச நேரம் இனாமா?" என்று கேட்டாள். "திரும்பி வர்றப்ப பிடுங்கிக்குவாங்க," என்றாள் அந்தப் பெண்.

புறப்படுகிற நாள் மகன் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். பிரேக்கண்ணன்தான் வாடகைக் காரில் கூட வந்தார். காரோட்டி பிரேக் போடும்போதெல்லாம் இவர் காலும் தரையை அழுத்தியது. விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "பயமா இருக்காக்கா?" என்றார்.

"இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று உள்ளே போனாள்.

பெட்டி போடும் இடத்தில் டாக்டரின் கடிதத்தைக் காட்டியதும் வம்பு வந்தது. கடிதத்தைப் படித்த இளைஞன் உடனே சக்கர நாற்காலியை வரவழைத்துவிட்டான்.

"உட்காருங்கம்மா, நாங்க தள்ளிட்டுப் போய் விட்டுடறோம்."

"நான் ஏன் உட்காரணும்?"

"கால் பிரச்சினைன்னு போட்டிருக்கே."

"முழுசா படிங்க தம்பி. நடக்கணும்னு போட்டிருக்கு. நடக்கணும்னு எழுதின கடிதத்தைக் காட்டினதுக்கு உட்கார வச்சா எப்படி?"

விதி, பாதுகாப்பு, பொறுப்பு என்று அவன் அடுக்கினான். பின்னால் வரிசை நீண்டது. ரைட்டக்கா தன் கைப்பையை எடுத்துச் சக்கர நாற்காலியில் வைத்தாள். "அது உட்கார்ந்து வரட்டும்," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்தாள். தள்ளிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அன்றைக்கு வேலை சுகம். விமான வாசல் வரைக்கும் இருவரும் அவரவர் மாமியார் கதையைப் பேசிக்கொண்டே போனார்கள்.

விமானம் கிளம்பியபோது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சக்கரம் தரையை விடுகிற அந்த நொடியில் வயிறு கீழேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. மேலே போய் எல்லாம் அமைதியானதும், இடுப்புப் பட்டை விளக்கு அணைந்ததும், எழுந்தாள்.

இரண்டு வரிசைச் சீட்டுகளுக்கு நடுவில் ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் தலைகள். பழகின இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் என்று நடந்தாள். கை தன்னை அறியாமல் சீட்டுகளின் தலைப்பாகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. யாரோ ஒரு குழந்தை அழுதது, நின்று பேச்சுக் கொடுத்தாள். நடைபாதையில் காலை நீட்டித் தூங்கியவனைத் தட்டி, "காலை உள்ளே வைப்பா," என்றாள். அவன் அரைத் தூக்கத்தில் "சரிக்கா" என்று மடக்கிக்கொண்டான்.

பலமுறை இப்படிப் போய்வந்த பிறகு பணிப்பெண் வழிமறித்தாள். "அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு."

"யாருக்குத் தொந்தரவு? அவங்களைக் காட்டுங்க, நான் பேசிக்கறேன்."

பணிப்பெண் யாரையும் காட்டவில்லை. ரைட்டக்கா கடிதத்தை எடுத்து நீட்டினாள். "விளக்கு எரிஞ்சா நீங்க சொல்லாமலே உட்காருவேன். விளக்கு எரியாதப்ப நான் நடப்பேன். இது என் கால்."

அவள் படித்துவிட்டு, பின்னால் சமையல் பக்கம் கொஞ்சம் அகலமான இடம் இருப்பதைக் காட்டினாள். அங்கே நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். பணிப்பெண்களுக்கும் கால் நரம்பு புடைப்பது உண்டாம். இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்தே குதிகாலைத் தூக்கினார்கள்.

இடைநிலையத்தில் ஆறு மணி நேரமும் நடந்தாள். கண்ணாடிக் கடைகள், வாசனைத் திரவியங்கள், வரிசையாகப் படுத்துக் கிடக்கிற பயணிகள். நகரும் நடைபாதையில் மட்டும் ஏறவில்லை. அதன் பக்கத்தில் போட்டிபோட்டு நடந்தாள். பெட்டியோடு அதில் நின்றிருந்த ஒருவரைத் தோற்கடித்ததில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஆனால் இரண்டாவது விமானத்தில் உடம்பு பழிவாங்கிவிட்டது. உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. எதிரே சின்னத் திரையில் விமானப் பொம்மை கடலைத் தாண்டியிருந்தது. பாதிப் பயணத்துக்கு மேல் தூங்கியிருக்கிறாள்! இடது கால் மரத்துக் கல்லாகக் கிடந்தது. சாக்ஸுக்கு மேலாகத் தொட்டால் யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மகன் சொன்ன 'நடு வானம்' இதுதான் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, வராமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். முதல் சில அடிகளில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சீட்டைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள். அங்கே சுவரில் கை வைத்துக் குதிகாலைத் தூக்கினாள், இறக்கினாள். ஊசி குத்துகிற மாதிரி இரத்தம் திரும்பி ஓடியது. அந்த வலி அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதன்பின் இறங்குகிற அறிவிப்பு வரும்வரை அவள் உட்காரவேயில்லை.

குடியேற்ற வரிசையில் அவள் முறை வந்தபோது, மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கேட்டார். மொழிபெயர்த்தவர் இந்தப் பக்கம் சொன்னார்.

"யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

"மருமகளை. அவளுக்கு ஆபரேஷன்."

"உங்க மகன் இங்கே இருக்காரா?"

"இல்லை. அவன் ஊர்ல இருக்கான். ரெண்டு பேருக்கும் விவாகரத்து ஆயிடுச்சு."

அதிகாரி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஏதோ சொன்னார். மொழிபெயர்த்தவர் தயங்கிவிட்டுக் கேட்டார். "அப்போ அவங்க உங்களுக்கு முன்னாள் மருமகளா?"

"முன்னாள் ஆனது அவன்தான். இவ இல்ல," என்றாள் ரைட்டக்கா.

மொழிபெயர்த்தவர் அதை எப்படிச் சொன்னாரோ, கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அதிகாரி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

வெளியே மருமகள் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் பேத்தி, போனில் பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்து. குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. மருமகள் வந்து அழுவாள் என்று ரைட்டக்கா எதிர்பார்த்தாள். அவளோ நடைபாதையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அத்தையின் சேலையை விலக்கி, இடது கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

"வீக்கம் இருக்கு. நேரா ஆஸ்பத்திரிக்கு."

"அடியே, வந்ததும் வராததுமா! உனக்கு வைத்தியம் பார்க்க வந்தேனா, எனக்குப் பார்த்துக்க வந்தேனா?"

"கார்ல ஏறுங்க அத்தை."

அதட்டுகிற இடத்தில் இவள் இருந்து பழக்கம். அதட்டு வாங்கியது புதிது. பேசாமல் ஏறினாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வெறும் நீர்தான் என்று சொன்ன பிறகுதான் மருமகள் நாற்காலியில் சாய்ந்து அழுதாள்.

வீடு சின்னது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், குளிர்காலம் உள்ளே வராமல் இறுக மூடிய ஜன்னல்கள். அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியே தேவையில்லை என்பதை ரைட்டக்கா இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். அறுவைக்கு முந்தைய மாலை, துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மருமகள் நிமிராமல் கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"என்னைத் திரும்பச் சேர்த்து வைக்கவா வந்திருக்கீங்க? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க."

ரைட்டக்கா மடித்த துணியை வைத்தாள். "அதுக்குத்தான்னா நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் எனக்கு டிக்கெட்டே எடுத்துக் கொடுத்திருப்பாங்க. நான் யாரையும் சேர்க்கவும் வரல, பிரிக்கவும் வரல. நீ படுத்துக் கிடக்கறப்ப அடுப்படியில நிக்க ஒரு ஆள் வேணும். நிக்கத் தெரிஞ்ச ஆள் நான். அவ்வளவுதான்."

மருமகள் ஒரு தலையணை உறையை எடுத்து, அத்தை மடிக்கிற மாதிரியே மடித்தாள்.

அறுவை நன்றாக முடிந்தது. முதல் வாரம் காய்ச்சல் வந்து பயமுறுத்தியது, பிறகு இறங்கியது. ரைட்டக்கா பேத்தியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனாள், கூட்டி வந்தாள். மருமகள் வாளியைத் தொட்டால் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். குரல் இப்போது தேனாக இருந்தது. "போனது போயிட்ட. நல்ல சமயம், பக்குவமா பேசி அவளை இங்கே கூட்டிட்டு வந்துடு. பேர் கிடைக்கும்."

"எனக்குப் பேர் ஏற்கெனவே இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

மகன் மட்டும் போன் செய்யவில்லை. மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள். காலைப் பற்றிக் கேட்டான். நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு கடையில் காற்றடிக்கிற இயந்திரத்தின் சத்தம்தான் கேட்டது. ரைட்டக்கா எதையும் எடுத்துச் சொல்லாமல் போனைப் பேத்தியின் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வெளியே வந்தபோது, தன் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை என்று குழந்தை புகார் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மகன் வால்வைப் பார்க்கச் சொல்லி, எச்சில் தொட்டு வை, குமிழி வருதா பார் என்று வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். அதன்பின் அடிக்கடி அந்த இருவரும் பேசினார்கள். பெரியவர்கள் இருவரும் பேசவில்லை. பேச வேண்டும் என்று ரைட்டக்கா யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினாள். எதிர்க்காற்றில் டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண் சொன்னபடியே நேரம் கூடுதலாயிற்று, இனாமாகக் கிடைத்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த முறை தூங்கவேயில்லை. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. பந்தியில் ஓர் உறவுக்காரி எல்லோர் காதிலும் விழும்படி, "ஓடிப்போனவளுக்குப் பத்தியச் சோறு வடிச்சுப் போட்டுட்டு வந்தவங்க இவங்கதான்," என்று அறிமுகம் செய்தாள். நாலு பேர் சிரித்தார்கள். ரைட்டக்கா பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "என் பொண்ணோட அம்மா அவ. ஓடிப்போகல, வேலைக்குப் போனா. சாப்பிடுங்க."

இலையில் சோறு ஆறியது. ரைட்டக்கா தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து மகன் இலையில் வைத்தாள்.

இப்போது அவள் அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். மருமகளுக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது, கூப்பிடவும் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்தான் ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறாள். டாக்டர் புது சாக்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகன் நேற்று கடையிலிருந்து மேலே வந்து, மிதிவண்டிக்கான இரண்டு டியூபை மேசையில் வைத்துவிட்டு, அங்கே கிடைக்கிறது ரொம்ப நாள் தாங்காது என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனான். அவள் அவற்றைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். பெட்டியைத் திறந்தால் ரப்பர் வாடை அடிக்கிறது.